நேற்று வந்தவர்

ஆணை ஒன்றரைப் பக்கம்.
'நிர்வாகச் சீரமைப்பு' நான்கு இடத்தில் வருகிறது.
'நுகர்வோர்' ஒரே இடத்தில்,
அதுவும் கலைக்கப்படும் எங்கள் அலுவலகத்தின்
பெயருக்குள்.

வசந்த நகர், மூன்றாம் மாடி.
இரண்டு அறை, ஒரு வக்கீல், நான்,
ஜன்னலை உரசும் ஒரு தூங்குமூஞ்சி மரம்.
மின்கட்டண விசாரணை நாளில்
கம்பெனிப் பக்கம் பதினோரு கறுப்புக் கோட்டு.
இந்தப் பக்கம் அனசூயா காமத் மட்டும்,
பையில் தயிர்சாத டப்பாவும்
ஊரார் மீட்டர் அத்தனையும்.
'யூனிட்டுக்கு முப்பது காசு எதற்கு?' என்பார்.
அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.
எப்போதும் ஜெயித்தோம் என்று சொல்லவில்லை.
ஒருமுறை முப்பது, பதினெட்டானது.
அந்தப் பன்னிரண்டு காசை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
ஏறாத விலைக்கு ஏது முகம்?

நேற்று கோப்புகள் லாரியில் போயின.
எங்கே என்று டிரைவருக்கும் தெரியவில்லை.
பலகையைக் கழற்றியவன்
நாலு ஆணியில் மூன்றைத்தான் பிடுங்கினான்.

இன்று ஒன்றாம் தேதி.
சாவியை ஒப்படைக்க வந்தால்
படியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.
ஆஸ்டின் டவுன் சவரிமுத்து, இஸ்திரிக் கடை.
மாதாமாதம் எழுநூறு கட்டுகிறவர்.
இந்த மாத பில்
ஐம்பத்தோராயிரத்து நானூற்றுப் பத்து.
'மீட்டர் சரியாத்தான் இருக்குன்றாங்க மேடம்.
அப்ப நான் விதான சௌதாவையே
மடிச்சு இஸ்திரி போட்டிருக்கணும்.'

ஒரு காலத்தில் இந்த ஊர்க் கதவுகளில்
'நாளெ பா' என்று எழுதிவைத்தார்கள்.
ராத்திரி பேர் சொல்லிக் கூப்பிடும் பேய்
படித்துவிட்டுத் திரும்பிப் போகுமாம்.
மறுநாளும் வந்து, மறுநாளும் படிக்குமாம்.
அந்த வித்தை தெரிந்த ஆபீஸ்கள் ஊரெல்லாம் உண்டு.
நாங்கள் யாரையும் நாளை வா என்றதில்லை.
இன்று நான் சொல்ல வேண்டியதோ
அதைவிட மோசம்:
'நேற்று வந்திருக்கணும்.'

நுனிநாக்குவரை வந்தது.

மேசை போய்விட்டது.
என் டிராயர் முழுவதும் ஒரு மஞ்சள் பையில்:
குண்டூசி, தைல டப்பி, வரவுப் பதிவேடு,
மை காயாத பெட்டி, தேதி முத்திரை.
பத்தொன்பது வருடமாகக் காலையில் முதல் வேலை
சக்கரத்தை ஒரு பல் தள்ளுவது.
இன்றும் நகம் தானாகப் போனது.
நிறுத்திக்கொண்டேன்.

ஜன்னல் திண்டில் தாளை வைத்து அழுத்தினேன்.
பெறப்பட்டது. 31.
நகலிலும் ஒன்று.
பதிவேட்டில் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்.
என் கையால் விழுந்த ஒரே பொய்;
மை கொஞ்சம் தூக்கலாகவே விழுந்தது.

இது இனி எந்த லாரியில் ஏறும்,
யார் மேசையில் இறங்கும், தெரியாது.
நேற்று வந்த மனு, இவ்வளவுதான்.
வேண்டுமானால் தள்ளுபடி செய்யட்டும்.
அதற்காவது யாரோ ஒருவர்
படித்தாக வேண்டும்.

சவரிமுத்து நகலை ஊதி ஊதிக் காயவைத்தார்.
ஓரம் பிசகாமல் நாலாய் மடித்தார்,
தொழில்காரர் மடிப்பு.
'அடுத்து எப்ப வரணும் மேடம்?'

சாவி கையிலேயே இருந்தது.
இருந்தும் பைக்குள்
தேடிக்கொண்டிருந்தேன்.