குரக்கன், பதினேழாம் பாகம்

குரக்கன் என்று பேர் வைத்தவன் என் மகன் ஸிம்லான்.
யப்பான்காரன் சொல்லும் பேர் வேறு,
அது வாயில் நுழைய மறுத்துக் கடைசியில் தானியமாகிப் போனது.
நூற்றிப்பத்து மீற்றர் உயரம்.
முதுகில் மூன்று வரிசைச் செதில்.
கோபம் வந்தால் வாலால்தான் பேசும்.

கல்முனை பஸாரில் பென்ட்ரைவில் ஏற்றி வந்தோம்.
வெள்ளி இரவு, சாய்ந்தமருது,
மின்விசிறிக்குக் கீழே ஒரு பாய், இரண்டு கதிரை,
பொரித்த கடலை.

நான் சேதம் மதிப்பிடுகிறவள்.
பிரதேச செயலகத்தில் மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
எல்லோரும் மிருகத்தைப் பார்க்கிறார்கள்,
எனக்குக் கண் கட்டடத்தில்.
ஏழு மாடி, கொங்கிறீற்றுச் சட்டகம்: முழுச் சேதம்.
பாலம், நடுத்தூண் இரண்டு: பகுதிச் சேதம் என்று எழுதினால்
கணக்காய்வுக்காரன் விடமாட்டான்.
மீன்சந்தை.
மீன்சந்தையை ஏன்தான் எல்லாப் பாகத்திலும் மிதிக்கிறதோ.

"உம்மா, சத்தமாக் கணக்குப் பாக்காதீங்க."

முதலாம் பாகம் கறுப்பு வெள்ளை.
ரப்பர் உடுப்பு; திரும்பினால் முதுகில் சிப் தெரியும்.
உள்ளே யாரோ ஒருவன் வியர்த்து வியர்த்து
மட்டைப்பெட்டி நகரத்தின் மேல் நடக்கிறான்,
எவ்வளவு பக்குவமாய் நடக்கிறான்!
ஒருமுறைதான் மிதிக்கலாம்.
ஜன்னல் ஜன்னலாய் ஒட்டியவர்கள்
கமராவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றிருப்பார்கள்.
ஸிம்லானுக்கு அதுதான் விருப்பம்:
"உள்ளுக்க ஆள் இருக்கு. அதான் பாவமா இருக்கு."

ஐந்தில் அது நல்லதாகிவிட்டது,
வானத்திலிருந்து அதைவிடப் பெரியது ஒன்று வந்ததால்.
ஒன்பதில் ஒரு குட்டி, பத்தில் குட்டியைக் காணோம்.
பன்னிரண்டில் செத்தது; வயலின் எல்லாம் வைத்து
அரைமணி நேரம் சாகடித்தார்கள்.
பதின்மூன்றில் வந்து நின்றது.
எப்படி என்று அவர்களும் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

எப்போதும் கடலிலிருந்துதான் வரும்.
முதலில் தண்ணீர் பின்வாங்கும், படகுகள் மணலில் குந்தும்,
பிறகு தூரத்தில் ஒரு கோடு தடிக்கும்.
அந்த இடத்தில் மதினி ஜெஸீமா எழும்பித்
தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.
பதினாறு பாகத்திலும் அந்தக் காட்சியை அவள் கண்டதில்லை.
ஸிம்லான் சத்தத்தைக் குறைப்பான்.
அவன் அதற்குப் பல வருடம் பிந்திப் பிறந்தவன்,
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது மிதிப்பதல்ல.
அடுத்த பாகத்தின் முதல் ஐந்து நிமிடம்.
நகரம் அப்படியே நிற்கும்,
அதே பாலம், அதே சந்தை, மாடி மாடியாய் லைட்.
யார் கட்டினார்கள்? எந்தக் கேள்விப்பத்திரம்?
அடையாள அட்டைப் பிரதியோடு வெயிலில் வரிசை நின்றது யார்?
மேலதிக ஆவணம் தேவை என்று
ஒரு கோவைகூடத் திரும்பிப் போகவில்லை.

என் இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் ஒன்று கிடக்கிறது.
எனக்கு முந்தியவரின் கையெழுத்து, மை பழுத்துவிட்டது:
றாஹிலா, கடற்கரை வீதி,
ஓட்டுக்கூரை, இரண்டு அறை, முழுச் சேதம்.
ஒவ்வொரு ஜனவரியும் வந்து கதிரை நுனியில் இருப்பாள்.
"தங்கச்சி, ஏதும்?"
இரண்டாம் பாகம் இன்னும் வரவில்லை
என்று எந்த வாயால் சொல்ல.

"நம்மட ஊருக்கு வந்தா?" என்கிறான் ஸிம்லான்.
கரையிலிருந்து வீட்டுக்கு முந்நூறு மீற்றர்.
அதன் எட்டுக்கு ஆறு, ஏழு.
இதையும் மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டேன்.

கோப்பைகளோடு ஜெஸீமா கதவில் நிற்கிறாள்.
"வந்திட்டா?"
"வந்து, ரோட்டுக்கு ஏறிட்டு."
அதன் பிறகுதான் அவள் இருப்பாள்,
கால்களை மடக்கி, கடலைக் கோப்பையை மடியில் வைத்து,
உலகத்திலேயே சந்தோஷமான ரசிகையாக.
தாங்கிகள் சுடுகின்றன, அது கண்ணைச் சிமிட்டுகிறது.
"நாசமாப் போறதே, அங்கால போ!" என்று கத்துகிறாள்.
பிறகு என்னிடம், மெதுவாக:
"இதுக்கெண்டா ஏசலாம் மதினி. மூஞ்சி இருக்கு."

வால் சுழல்கிறது.
மீன்சந்தை, மறுபடியும்.
முழுச் சேதம் என்று குறித்துக்கொள்கிறேன்.