இது நடக்காது

செக்காலை ரோட்டில் பாத்திரக்கடைக்கு மேல் மாடி.
இரவு பதினொன்றே கால்.
தேவகோட்டை அடகுக்கடையிலிருந்து சாத்தப்பன் பேசுகிறார்:
"ஒரு சங்கிலிக்கு வட்டி மைனஸ்ல காட்டுது.
நாந்தான் அவுகளுக்குக் குடுக்கணுமாம்."

மானிட்டருக்கு அடியில்
அல்காரிதம் புத்தகம், தொள்ளாயிரம் பக்கம்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வரை படித்தேன்.
மீதி என் கழுத்துவலிக்கு உதவுகிறது.
ஆசையாய்ப் படித்தது ஒல்லியான ஒன்று,
பிழைகளைப் பற்றி மட்டும்.
காபி கொட்டி ஆறாம் அத்தியாயம் ஒட்டிக்கொண்டது.

கறுப்புத் திரை. எழுத்தழிந்த கீபோர்டு.
மௌஸ் எங்கே என்று தெரியாது.
சுவரில் என் கிறுக்கலில் ஒரே விதி:
யூகிக்காதே, அச்சிட்டுப் பார்.

அச்சிட்டேன்.
அடகு வைத்த நாள் பிப்ரவரி இருபத்தொன்பது.
அடுத்த வருடம் அதே தேதியைத் தேடிப்போன நிரல்
அப்படியொரு நாளே இல்லாமல்
திக்குத் தெரியாமல்
1970 ஜனவரி ஒன்றில் போய் நிற்கிறது,
கையில் வட்டியோடு.

அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு:
இது நடக்காது.

எந்த மடையன் எழுதியது?
கருவி தயங்காமல் சொன்னது:
உமையாள். மூன்று வருடம் முன்பு.
வெள்ளிக்கிழமை, மாலை 5:58.

திருத்த ஒன்பது நிமிடம்.
சோதனை எழுத ஒரு மணி நேரம்.
அதற்குச் சாத்தப்பன்_சங்கிலி என்று பேர் வைத்தேன்.
முதலில் சிவப்பு. பிறகு பச்சை.

குறிப்பை அழிக்க மனம் வரவில்லை.
கீழே ஒரு சொல் சேர்த்தேன்:
நடந்தது.