முன்சில்லும் பின்சில்லும்

மாங்குளம் சந்தி, பாமசிக்கு மேல்மாடி.
பதினேழு படி; எண்ணித்தான் ஏறுவேன்.
ஸ்போக்கன் இங்கிலிஷ், மாதம் ஆயிரத்து இருநூறு.
பிந்திக் கட்டினாலும்
அமலதாஸ் சேர் முகம் சுழிக்கமாட்டார்.

இன்றைக்குக் குறுக்கிச் சொல்லப் பழகவேண்டுமாம்.
'முழுச்சொல்லையும் சொன்னால்
புத்தகத்தில் படித்த ஆள் என்று பிடித்துவிடுவார்கள்.'
ரெஃபிரிஜிரேற்றர் என்று பலகையை நிறைத்து எழுதி
தலையையும் வாலையும் டஸ்ரரால் அழித்தார்.
நடுத்துண்டு பிரிட்ஜ்.
மீன் வெட்டுகிற மாதிரி, என்றாள்
பின்வாங்கில் பிரசாந்தி.

பைசிக்கிளை அவர்கள் பைக் என்கிறார்கள்.
நாங்கள் சைக்கிள் என்கிறோம்.
ஒரே வண்டி:
முன்சில்லை வெள்ளைக்காரன் கழற்றிக்கொண்டு போனான்,
பின்சில்லை நாங்கள் வைத்திருக்கிறோம்.
இதைச் சொன்னது நானில்லை, ஓட்டோ குலவீரன்.
அவனுடைய வண்டியிலும்
ரிக்‌ஷா கழன்று விழுந்து எத்தனையோ வருசம்.

ரெலிபோனில் ரெலியை எறிந்தால் போன்.
ரெலிவிஷனில் ரெலியை மட்டும் வைத்தால் ரெலி.
ரெலி என்றால் தொலை.
அப்படியென்றால் லண்டனில் என்ரை மாமிமார்
பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து
தொலை பார்க்கிறார்கள்.
வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம்.

பஸ்ஸுக்கு மட்டும் சேர் கொஞ்சம் நின்றார்.
ஓம்னிபஸ். லத்தீன்.
'எல்லாருக்கும்' என்று பொருள்.
அந்த எல்லாரும் முன்பக்கத்தோடு போய்விட்டார்கள்,
மிஞ்சினது வேற்றுமை உருபு.
'க்கு' என்று மட்டும் நெற்றியில் எழுதி
ஓடவிட்ட மாதிரி.
நான் ஓமந்தையில் ஏறிய பஸ்ஸை நினைத்தேன்.
அதிலும் எல்லாரும் இருக்கவில்லை.

பிறகு ஆளுக்கொரு பொருள் கேட்டார்:
வீட்டில் இருப்பது, தினமும் தொடுவது,
சின்னப் பெயரோடு.
பிரசாந்தி ரோச் என்றாள்.
அது பிறவியிலேயே குள்ளம் என்றார் சேர்.
குலவீரன் காபரேற்றரைக் காப் என்றான், சரியாம்.

என்ரை முறை.
ஜெய்ப்பூர், என்றேன்.
'அது ஊர், பிள்ளை.'
இல்லை சேர், பொருள்.
பாவாடைக்கு மேலால்
முழங்காலுக்குக் கீழே தட்டிக் காட்டினேன்.
வாங்கில் தட்டினாலும் அதே சத்தம்தான் வரும்.
வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம்:
ஜெய்ப்பூருக்குள்ளே மண் போட்டுது,
மழை வருது, ஜெய்ப்பூரை உள்ளே எடு,
ஆர் ஜெய்ப்பூரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினது?

முழுப்பெயர் என்ன என்று கேட்டார்,
கேட்டபிறகு, கேட்டிருக்கக்கூடாது என்ற முகத்தோடு.
ஜெய்ப்பூர் கால், சேர்.
காலைத்தான் வெட்டிவிட்டோம்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன். பிறகு குலவீரன்,
பிறகு மழை பிடிக்கிற மாதிரி எல்லாரும்.
சேர் பலகையில் எழுதினார்.
ஊர்ப்பெயருக்குரிய பெரிய ஜே.
கொஞ்சம் யோசித்தார்.
விரலாலேயே அழித்துச்
சின்ன ஜே போட்டார்.

ஐந்து பத்துக்கு முல்லைத்தீவு பஸ்.
மிதிபலகையில் தொங்கியபடி
கொண்டக்டர் பொடியன் கத்துகிறான்:
ஒட்டுட்டான் ஒட்டுட்டான்,
முள்ளி முள்ளி முள்ளி!
பத்தொன்பது வயது வருமோ என்னவோ.
அவனுக்கு முள்ளி என்றால் முள்ளியவளை.
எனக்கு அதே தலைக்கு
வேறு வால்.

ஒட்டுசுட்டானுக்கு ஒரு ரிக்கற், என்றேன்,
ஊரை வெட்டாமல்.
நூறு ரூபாவை வாங்கிக்கொண்டு
'பிறகு' என்றான்.
மிச்சக்காசைப் பிறகு தருகிறேன் என்பதன் சுருக்கம்.
தரவில்லை.