மேடைக்கு அடியில்

நாலு நாள் பாலே என்று நோட்டீஸ்,
ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம்.
மூன்று இரவு பழைய ராஜாக்கதை,
கடைசி இரவு ‘பலவகை’.
அது என்ன மாஷே என்றேன்.
‘மூணு கறி உண்டு செபஸ்தியா, சோறு இல்ல.
கதை கிடையாதுன்னு அர்த்தம்.’

பாலக்காட்டு மண்டபத்தில் கூரை ஒழுகுகிறதாம்,
அதனால் கொழிஞ்சாம்பாறைக்கு
வேலந்தாவளம் தாண்டி வந்தது லாரி.
பெட்டி பெட்டியாய் வெள்ளைப் பாவாடை,
நூற்றுப்பன்னிரண்டு ஜோடிச் செருப்பு,
நுனி மட்டும் கட்டைபோல் இறுகியவை,
ஒவ்வொன்றின் உள்ளேயும் பேனாவில் ஒரு பேர்.

இலோனா என்பவள் சிமெண்டுத் தரையை
ஒருமுறை மிதித்தாள், தலையாட்டினாள்.
தரை துள்ளவேண்டும் என்று
கையால் காட்டினாள், கன்றுக்குட்டியைக் காட்டுவதுபோல.
தென்னங்கட்டை குறுக்கும் நெடுக்கும்,
நடுவே பஸ் டயர் துண்டு,
மேலே இரண்டடுக்கு பிளைவுட்.
பதினேழு வருஷமாய்ப் பந்தல் போடுகிறேன்,
ஆடாத மேடைக்குத்தான் இதுவரை கூலி வாங்கியது.

கால் வழுக்காதிருக்க அவர்கள் தூவும் தூள்
ஏதோ விமானத்தில் தங்கிவிட்டது.
காலி டப்பாவை மோந்து பார்த்தேன்.
அட, குங்கிலியம்.
நாட்டுமருந்துக் கடை வேலாயுதன்
இரண்டு கிலோ இடித்துக் கொடுத்தான்,
யாருக்கு மூட்டுவலி என்று விசாரித்தபடி.

இரண்டாம் இரவு, பாதிக் கதையில்
இடப்பக்கம் ஒரு கட்டை முனகியது.
பெற்றவளுக்குப் பிள்ளையழுகை கேட்பதுபோல
என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
கூலி வாங்கியவனுக்குக் கேட்டது.
கொப்பரை லாரி ஜாக்கியோடு குனிந்து நுழைந்து
மல்லாந்து படுத்து முட்டுக் கொடுத்தேன்.

முன்வரிசைக்காரர்கள் பிறகு சொன்னார்கள்,
எடையே இல்லை, பஞ்சு, புகை என்று.
இருக்கட்டும்.
நான் படுத்திருந்த இடத்தில்
தேங்காய் விழுந்துகொண்டிருந்தது.
இருபத்திரண்டு பெண்கள் ஒன்றாய் இறங்கும்போது
ஜாக்கியின் திருகு உள்ளங்கையை அழுத்தியது.
கண்ணில் தூசி, மூக்கில் குங்கிலியம்.
பலகை இடுக்கில் ஒருத்தியின் மூச்சு
மூட்டை தூக்கியவளுடையதைப் போல.
நடுவில் ஒரு கெட்ட வார்த்தை.
எந்த மொழியானாலும் அது மட்டும் புரிந்துவிடுகிறது.

மூன்றாம் இரவும் அங்கேதான் படுத்தேன்.
கட்டை முனகவில்லை.

நாலாம் இரவு காற்று பிடித்துக்கொண்டது,
தை மாதத்துக் கணவாய்க் காற்று,
தகரத்தை உரித்துப் பார்க்கும் காற்று.
கதை இல்லையாம் என்று பாதி நாற்காலி காலி.
மூன்றாவது சின்ன ஆட்டத்துக்குப் பாட்டும் இல்லை.
வெறுங்கால் ஒரு ஜோடி நடந்து வந்து
என் முகத்துக்கு நேர்மேலே நின்றது.
அப்புறம் ஒன்றுமில்லை.

போய்விட்டாளோ என்று பலகையில் கைவைத்தேன்.
நடுங்கியது,
நின்ற பஸ்ஸில் ஜன்னல் கம்பி நடுங்குமே, அவ்வளவு.
சும்மா நிற்பது
இத்தனை வேலையா.
கையை எடுக்கவில்லை.
மேலே யாரோ இருமினார்கள்.
ரொம்ப நேரம் கழித்து அவள் பாரம்
ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போனது,
கடன் அடைப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாய், முழுக்க.

ஞாயிற்றுக்கிழமை பிரித்தோம்.
வாடகை பேசியது நாலு நாளுக்கு,
மாஷ் ஐந்து நாளுக்குத் தந்தார். கேட்கவில்லை.
சோப்புப் போட்டுத் தேய்த்தும்
நடுப்பலகையில் பிசின் போகவில்லை.

அடுத்த புதன், அதே பலகைமேல்
அருளப்பன் மகள் ஜெசிந்தாவின் கல்யாண வரவேற்பு.
செருப்பைக் கழற்றிவிட்டு மாலையோடு ஏறியவள்
நடுவில் வந்ததும் நின்றாள்.
கால் ஒட்டிக்கொண்டது.
குனிந்து பார்த்தாள்.
மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தார்,
போட்டோக்காரன் இந்தப் பக்கம் என்றான்.
லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நான்
இன்னும் கொஞ்சம் நில்லு பாப்பா என்றேன்,
வாய்க்குள்ளேயே.