அட்டைக் காசோலை

வரவு: நூற்றுப்பத்து டிக்கெட்.
செலவு: கூடத்து வாடகை, கோழி, ஜெனரேட்டருக்கு டீசல்,
காசோலை அச்சிட்ட அட்டைக்கு மட்டும்
முந்நூறு குவாச்சா.
கணக்கு எழுதுகிறவள் என்பதால்
அதை இரண்டு முறை கேட்டேன்.

கிட்வே ஆட்டிசம் மையத்துக்கான விருந்து.
செப்புச் சுரங்க மேலாளர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்,
மறுமுனையில் சிலேஷே.
மகனையும் அழைத்து வரச் சொல்லியிருந்தோம்.
வந்தான்.
ஒலிபெருக்கி முதல் தடவை கனைத்ததும்
காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியவன்
நிறுத்தியிருந்த கார்களின்
சக்கரத் திருகாணிகளைத்
தொட்டுத் தொட்டு நடந்தான்.

அவனுக்காகத்தான் அவ்வளவு சத்தமும்.

படம் எடுத்தாயிற்று. நாற்காலி அடுக்கியாயிற்று.
குப்பைக்குப் போகவிருந்த அட்டையை
சிலேஷே கேட்டாள், கொடுத்தோம்.
மினிபஸ் நடத்துநர்
அதற்கும் ஓர் ஆள் கட்டணம் வாங்கினானாம்.

நிஜப் பணம் வர நான்கு மாதம்.
பேச்சுப் பயிற்சியாளர் வாரம் இரண்டு நாள்,
அதுவும் மழை தொடங்கும் வரை.

ரசீதில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன்.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
காசோலை கூரையாக வளைந்து நின்றது.
எழுத்தெல்லாம் உள்பக்கம்.
அடியில் மல்லாந்து படுத்திருந்த கசோண்டே
சைபர் ஒவ்வொன்றையும்
விரலால் சுற்றிக்கொண்டிருந்தான்,
அவசரமே இல்லாமல்.
உதட்டில் விரல் வைத்தாள் சிலேஷே.
பேனா மூடியைக்கூடத் திறக்காமல்
வெகுநேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி
விளம்பரச் செலவிலிருந்து அந்த முந்நூறை அடித்து
சேவைப் பத்தியில் எழுதினேன்.
தணிக்கையாளர் கேட்பார்.
கேட்கட்டும்.