112 முதல் 121 வரை

பசோவிட்சா மேட்டில் போரா காற்று.
சின்க்ரோட்ரான் கூடத்தின் கூரைக்கு மேல்
யாரோ இரவெல்லாம் நாற்காலி இழுக்கிறார்கள்.
மூன்று பத்துக்கு
எந்திரக் கை கடைசிப் படிகத்தைத்
திரவ நைட்ரஜனிலிருந்து தூக்கி
கதிரின் முன் நிறுத்துகிறது.
உப்புக்கல்லில் கால்வாசி.
நெவென்காவுக்கு ஆறு வருடம்.

கணினிக்குப் பதினோரு நிமிடம்.
எழுத்து வரிசையை மட்டும் படித்துவிட்டுப்
புரதத்தின் மடிப்பு முழுவதையும் வரைந்து தந்தது.
தயங்கிய இடங்களில் மஞ்சள்,
தெரிந்த இடமெல்லாம் நீலம்.
112 முதல் 121 வரை
சந்தேகமே இல்லாத நீலம்.

"நீ வீட்டில் தூங்கியிருக்கலாம்"
என்கிறான் துல்லியோ,
இயந்திரக் காப்பியில் மூன்றாவது சர்க்கரையைக் கலக்கியபடி.

ஐந்து மணிக்கு
ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள்.
பத்துப் பொருத்தத்தில் ஒன்பது.
சுருளின் மேல் சுருள் வழுக்காமல் உட்காருகிறது.
அவளுக்கு அது மகிழ்ச்சியா எரிச்சலா,
அவன் கேட்கவில்லை.

அந்தப் பத்தில் மட்டும் சிவப்பு:
இங்கே அணு இல்லை.
பக்கத்தில் பச்சையாக,
உரிமை கோர ஆளில்லாத ஒரு மேகம்.

"பார்க்க ஆசைப்படுவதைப் பார்க்கிறாய்.
கணினியின் கையைப் பிடித்துக்கொண்டுதானே
இந்த மேகத்துக்குள்ளேயே நுழைந்தாய்?"

நியாயம்தான்.
பத்தையும் அழிக்கிறாள்,
அது சொன்னதையும்
தான் நினைத்ததையும் சேர்த்து.
ஓட்டையை ஓட்டையாகவே விட்டு
மறுபடி கணக்குப் போடச் சொல்கிறாள்.

முளைத்தது.
மூடிய கதவென்று வரையப்பட்ட வளையம்
வெளிப்பக்கம் மடிந்து திறந்து கிடக்க,
உள்ளே ஒரு துத்தநாகம்.
அதை யாரும் கரைசலில் போடவில்லை;
வளர்த்த பாக்டீரியா
கேட்காமலே கொடுத்தனுப்பியிருக்கிறது.
எழுத்து வரிசையில்
துத்தநாகத்துக்கு எழுத்து கிடையாது.

துல்லியோ விடுவதாயில்லை.
"பக்கத்து மூலக்கூறு நெருக்குவதைப் பார்.
பேருந்து நெரிசலில்
கை தூக்கி நிற்பவன்
வீட்டிலும் கை தூக்கியா நிற்பான்?"

அவள் அலைநீளத்தை மாற்றி
உலோகத்தை மட்டும் இன்னொரு முறை கேட்கிறாள்.
இருக்கிறேன் என்கிறது.

குறிப்பேட்டில் எழுதுகிறாள்:
112–121, திறந்திருக்கிறது.
பேனா மூடியைக் கடித்தபடி இருந்துவிட்டு
அதன் முன்னால் செருகுகிறாள்:
இந்தப் படிகத்தில்,
இந்தக் குளிரில்.

எட்டு மணிக்கு அடுத்த குழு
பெட்டிகளோடு காற்றில் சாய்ந்து வருகிறது.
கதவை உள்ளிருந்து இவள் தள்ள,
வெளியிலிருந்து அவர்களும்
இழுக்க வேண்டியிருக்கிறது.