வளைவுக்கு ஓர் எண்

அஸ்தம்பட்டியில் என் ஜெராக்ஸ் கடை.
நாளைக்கு இருநூறு முகமாவது
கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்து போகும்.
"ஒரு காப்பி போதும்" என்பவர்
முதல் தடவை வெளிநாடு போகிறவர்.
"மூணு" என்பவர் ஒருமுறை தொலைத்தவர்.

செங்கோடன் "ஒண்ணு போதுமே" என்றான்.
பதினாறு வருஷம் ஜெராக்ஸ்காரியோடு குடித்தனம்.

கானா நாட்டில் யாரோ சேகோ ஆலை கட்டுகிறார்கள்.
நம் குச்சிக்கிழங்குதான், மண்தான் வேறு.
பட்டறையில் இவன் செய்த அரவை இயந்திரம்
கப்பலில் முன்னால் போய்விட்டது.
பூட்டி ஓட்டிக் காட்ட இவன் பின்னால் போக வேண்டும்,
நாற்பது நாள்.

கிண்டிக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு வந்தான்.
பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுமாம்.
காலண்டரில் வட்டம் போட்டேன்.
தோளைத் தேய்த்தபடி,
வெல்டிங் பொறியே தேவலை என்றான்.

பாஸ்போர்ட், விசா, மஞ்சள் அட்டை, காப்பீட்டுத் தாள்.
ஒரு செட் பெட்டியில், ஒரு செட் கைப்பையில்,
ஒன்றை மடித்து ஷூவின் உள் அட்டைக்கு அடியில்.
நாலாவது என் மேசை டிராயரில்.
ஏர்போர்ட்டில் யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்காதே,
ஊறுகாய் என்றாலும், நம்ம ஊர்க்காரர் என்றாலும்,
முக்கியமாக நம்ம ஊர்க்காரர் என்றால்.
"சரிங்க மேடம்."

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம்:
இடது புறங்கையில் தழும்பு.
கடை சாத்தும் நேரம், அதையும் கண்ணாடியில் வை என்றேன்.
சிரித்துக்கொண்டே வைத்தான்.
கறுப்புத் தாளில் வெளுத்து வந்தது ஒரு கை.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
டிராயரில் எல்லாத் தாளுக்கும் அடியில் வைத்தேன்.

"போன் தொலைஞ்சா?"
"வேற போன்ல உனக்கு அடிப்பேன்."
"நம்பரைச் சொல்லு பாப்போம்."
பேச்சில்லை.
அவன் போனில் நான் பத்து இலக்கம் இல்லை,
ஒரு ரோஜாப்பூப் படம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தோம்.
அடிவாரம் தாண்டி
முதல் கொண்டை ஊசி வளைவில்
பின்னாலிருந்து காதில் சொன்னேன்: ஒன்பது.
ஹெல்மெட்டுக்குள் கத்தினான்: ஒன்பது.
அடுத்ததில் நாலு.
அதற்கடுத்தும் நாலு,
"திரும்பவுமா?" என்று பிரேக்கை மிதித்தான்.
ஏழாவதில் சில்வர் ஓக் கட்டை ஏற்றிய லாரி
எங்களை மண் ஓரத்துக்குத் தள்ளியது,
இலக்கம் பள்ளத்தில் விழுந்துவிட்டது.
ஏர்க்காட்டுக்கு இருபது வளைவு.
மேலே போய்ச் சேர்வதற்குள்
என்னை இரண்டு தடவை சொல்லி முடித்தான்,
ஏழாவதில் மட்டும் இரண்டு தடவையும் தப்பு.
ஏரிப் பக்கம் போகவில்லை.
மிளகாய் பஜ்ஜி தின்றோம்.
இறங்கும்போது தலைகீழாகச் சொல்லிப் பார்த்தான்.
வேண்டாம், அது வேற எவ நம்பரோ என்றேன்.

போய் நாலாம் நாள்,
பதினொன்றரை மணி, கடையில் கூட்டம்.
கானாவிலிருந்து ஓர் எண். அவன் எண் இல்லை.
தெரியாத வெளிநாட்டு அழைப்பை எடுக்காதீர்கள் என்று
சுவரில் நானே ஒட்டிய தாள் இருக்கிறது.
அதனால்தான் எடுக்கவில்லை என்று
யார் கேட்டாலும் சொல்லலாம்.
டிராயர் பிடியில் என் கை இருந்தது.

அடித்து ஓய்ந்தது.
மறுபடி அடித்தது.

"தமயந்தி, ஏழாவது வளைவுல
ரெண்டு பேர்கிட்ட திட்டு வாங்கிட்டேன். ஒருத்தர் இந்தி."
போன் பஸ் ஸ்டாண்டில் போய்விட்டதாம்.
பாஸ்போர்ட் இருக்கிறது, ஷூ இருக்கிறது,
இது ஆலைக் காவலாளியுடைய போன், வைக்கணும்.
"எட்டு" என்றேன். "ஏழாவதுல எட்டு."
அதற்குள் கட்டாகிவிட்டது.
கேட்டதா தெரியவில்லை.

எதிரில் நின்றவர் ஆதார் அட்டையை நீட்டினார்,
முன்பக்கம் பின்பக்கம் ஒரு காப்பி.
மூன்று எடுத்துக் கொடுத்து
ஒன்றுக்குக் காசு வாங்கினேன்.